நகராத சைக்கிளுக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

மழை, வெயில், சாலையில் காயும் நெல், வீட்டுக்கு வீடு சர்க்கரை மாத்திரை. காவிரி டெல்டாவில் சைக்கிள் மிதிப்பது மெல்ல வீட்டுக்குள் வந்துகொண்டிருக்கிறது. கையிலிருக்கும் பணத்துக்கு எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

தஞ்சாவூர் கீழவாசலில் கடைகள் திறக்கும் நேரம். சாணை பிடிப்பவர் சைக்கிளை ஓரங்கட்டிப் பின்ஸ்டாண்டை இழுத்துப் போடுகிறார். பின்சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. ஏறி உட்கார்ந்து மிதிக்கிறார். பின்சக்கரத்தோடு பிணைத்த பெல்ட் மேலேறி, ஹேண்டில்பார் பக்கம் பொருத்திய சாணைக்கல்லைச் சுழற்றுகிறது. கறிக்கடைக் கத்தியைக் கல்லில் வைத்ததும் பொறி பறக்கிறது. கத்தியை லேசாக வைத்தால் கால் லேசாகச் சுற்றுகிறது. அழுத்திப் பிடித்தால் தொடை இறுகுகிறது, மூச்சு வாங்குகிறது. அடுத்து அரிவாள்மனை. அதை முடிப்பதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. சைக்கிள் ஓர் அடிகூட நகரவில்லை.

உடற்பயிற்சிக்கென்று கடைகளில் விற்கும் கருவிகள் செய்வதும் இதே வேலைதான். சக்கரத்தைத் தரையிலிருந்து பிரித்து, சுற்ற விட்டு, அந்தச் சுற்றுக்கு ஒரு தடை கொடுக்கின்றன. தடையை எதைக் கொண்டு கொடுப்பது என்பதில்தான் விலை ஏழாயிரத்திலிருந்து ஒரு லட்சத்துக்கு மேல் வரை விரிகிறது. தேய்க்கும் பட்டை, காந்தம், எண்ணெய், காற்று, கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் மின்காந்தம் என்று வகைகள் பல.

சாலை இருக்கும்போது வீட்டுக்குள் எதற்கு?

இப்படிக் கேட்பவர்கள் டெல்டாவின் ஓராண்டு நாள்காட்டியைப் பார்க்க வேண்டும். ஐப்பசியில் பிடிக்கும் வடகிழக்குப் பருவமழை மார்கழி வரை விட்டுவிட்டுப் பெய்யும். வெண்ணாற்றங்கரைச் சாலையில் விடியற்காலை ஐந்து மணிக்குப் பள்ளம் எது, தண்ணீர் எது என்று தெரியாது. தையிலும் மாசியிலும் சம்பா அறுவடை. தார்ச்சாலையின் பாதி அகலத்தில் நெல் காயும், மீதிப் பாதியில் அறுவடை இயந்திரமும் வைக்கோல் ஏற்றிய டிராக்டரும் போகும். நெல்மணி மீது மெல்லிய டயர் ஏறினால் வழுக்கும். அதன் பிறகு வெயில். அக்னி நட்சத்திரத்தில் காலை ஏழரைக்கே சாலை கொதிக்கும். ஆனியில் மேட்டூர் தண்ணீர் வரும் நாட்களும், அதையடுத்து வரும் ஆடி, ஆவணியும்தான் வெளியே மிதிக்க ஏற்ற காலம்.

இன்னொரு காரணம் உடம்பு. ஐ.சி.எம்.ஆர். நடத்திய ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வு 2023-ல் வெளியானபோது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம். மூன்று வேளையும் அரிசி உண்ணும் டெல்டாவில் இந்தக் கணக்கை அறிக்கையில் தேட வேண்டியதில்லை, மருந்துக்கடை வரிசையே சொல்லிவிடும். வயது வந்தவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு செய்ய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். ஒரு காலத்தில் நடவும் களையும் ஏற்றமும் இதைப் போல் பல மடங்கு வாங்கிக்கொண்டன. இன்று நடவுக்கும் அறுப்புக்கும் இயந்திரம் வந்துவிட்டது. கூலிக்கு முதுகு ஒடிந்த காலம் போனது நல்லதுதான். உடம்புக்குத் தேவையான அசைவை மட்டும் இனி வேறு வழியில்தான் தேட வேண்டும்.

பெண்களுக்கு இது இன்னும் கூர்மையான கேள்வி. பக்கத்து மாவட்டமான புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில் ஆயிரமாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். 2001-ல் தொடங்கிய விலையில்லா சைக்கிள் திட்டம் பிளஸ் ஒன் மாணவிகள் வீடுகளுக்குச் சைக்கிளைக் கொண்டுவந்து சேர்த்தது. படிப்பும் திருமணமும் முடிந்த பிறகு அதே பெண்களில் எத்தனை பேர் விடியலில் தனியாகச் சாலையில் மிதிக்கிறார்கள்? கூடத்தில் நிற்கும் ஒரு கருவி அவர்களுக்குத் திறக்கும் வாசல் சிறியதல்ல.

முதல் செலவு மின்விசிறிக்கு

விற்பனையாளர் யாரும் இதை முதலில் சொல்வதில்லை. மனித உடம்பு எரிக்கும் ஆற்றலில் நான்கில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் பெடலுக்குப் போகிறது. மீதி அத்தனையும் வெப்பம். பெடலில் 100 வாட் கொடுப்பவரின் உடம்பு சுமார் 350 வாட் வெப்பத்தை வெளியே தள்ளியாக வேண்டும். சாலையில் போகும்போது எதிர்க்காற்று அதை எடுத்துச் சென்றுவிடும். அறைக்குள் காற்று நிற்கிறது. டெல்டாவின் ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும். சொட்டும் வியர்வை உடம்பைக் குளிரவைக்காது. பத்தாவது நிமிடத்தில் நாடித்துடிப்பு எகிறும். புதிதாக மிதிப்பவர் தனக்குத் தெம்பு போதவில்லை என்று நினைத்து இறங்கிவிடுவார். அங்கே போதாமல் போனது காற்றுதான்.

ஆகவே எந்தத் தொகையாக இருந்தாலும் அதிலிருந்து ஒரு பெடஸ்டல் ஃபேனுக்கு முதலில் ஒதுக்க வேண்டும். கூரையில் தொங்கும் ஃபேன் போதாது. காற்று முன்னாலிருந்து நெஞ்சிலும் முகத்திலும் படவேண்டும். மின் கட்டணம் பயமுறுத்தாது. 60 வாட் ஃபேன் தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 3.6 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகவே கிடைக்கிறது.

இரண்டாவது செலவு தரைக்கு. டைல்ஸ் தரையில் கருவி நகரும், வியர்வை பட்டால் வழுக்கும். மாடி வீடென்றால் அதிர்வு கீழ்வீட்டு நடுக்கூடம் வரை இறங்கும். உடற்பயிற்சி மேட் என்று விற்கும் மெல்லிய பஞ்சுப் பாயை விட, மாட்டுக் கொட்டகையில் விரிக்கும் கனத்த ரப்பர் மேட் நன்றாக உழைக்கிறது. டெல்டாவில் கால்நடைப் பொருட்கள் விற்கும் கடைகளில் இது கிடைக்கும். புதிதில் ரப்பர் வாடை அடிக்கும். இரண்டு நாள் வெயிலில் போட்டு உள்ளே கொண்டுவந்தால் குறையும்.

பெட்டிச் செய்தி: எதற்கு என்ன விலை?
(தோராயமான தொகை. கடைக்கும் காலத்துக்கும் தக்கபடி மாறும்.)
பெடஸ்டல் ஃபேன்: ரூ.2,500 முதல் 4,000
கொட்டகை ரப்பர் மேட்: ரூ.2,000 முதல் 3,000
சாதாரண உடற்பயிற்சி சைக்கிள்: ரூ.7,000 முதல் 12,000
பின்சக்கரத்தில் மாட்டும் காந்த டிரெய்னர்: ரூ.8,000 முதல் 15,000
மூன்று உருளை ரோலர்: ரூ.10,000 முதல் 20,000
வீட்டு உபயோக ஸ்பின் பைக்: ரூ.10,000 முதல் 30,000
பின்சக்கரத்தைக் கழற்றி மாட்டும் டைரக்ட் டிரைவ்: ரூ.50,000-லிருந்து லட்சத்துக்கு மேல்

வீட்டில் நிற்கும் சைக்கிளைப் பயன்படுத்த முடியுமா?

பணம் குறைவாக இருப்பவர்கள் முதலில் யோசிப்பது இதைத்தான். இருக்கும் சைக்கிளின் பின்சக்கரத்தை ஒரு தாங்கியில் மாட்டி, அதன் உருளையை டயர்மீது அழுத்திவிட்டால் பயிற்சிக் கருவி தயார். காந்த டிரெய்னர் என்பது இதுதான். ஆனால் வாங்குவதற்கு முன் சைக்கிளின் பின்பக்கம் குனிந்து பார்க்க வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் அளவு அச்சடித்திருக்கும். கியர் சைக்கிள்களில் 26, 27.5, 29 அல்லது 700 என்று தொடங்கும். பெரும்பாலான டிரெய்னர்கள் இவற்றை ஏற்கும். பழைய கறுப்பு ரோட்ஸ்டரில் 28 x 1½ என்றிருக்கும். அந்தச் சக்கரம் பல டிரெய்னர்களுக்குள் அடங்காது. அடங்கினாலும் மட்கார்டு கம்பி, செயின் கவர், கேரியர், பின்ஸ்டாண்டு எல்லாம் வழியை மறிக்கும். அடுத்தது அச்சு. டிரெய்னர்கள் பெரும்பாலும் கையால் திறந்து மூடும் லீவர் அச்சைப் பிடிக்கும்படி செய்யப்பட்டவை, அதற்குரிய இரும்பு அச்சு பெட்டியிலேயே வரும். நட்டு போட்டு முறுக்கிய அச்சுள்ள சைக்கிளுக்கு அது பொருந்தாது. கடைக்குப் போகும்போது டயர் அளவையும் பின் அச்சின் படத்தையும் போனில் எடுத்துக்கொண்டு போனால் பாதி ஏமாற்றம் குறையும்.

பொருந்திவிட்டால் இந்த வகை நல்ல பேரம். ஹேண்டில்பாரில் மாட்டும் ஒரு கேபிள் லீவரால் தடையைக் கூட்டலாம், குறைக்கலாம். மின்சாரம் வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது டெல்டா கிராமங்கள் பல நாட்கள், சில ஊர்கள் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன. மழைக்காலத்தில் மின்தடை பழகிப்போன ஊரில், பிளக் இல்லாமல் ஓடும் கருவிக்குத் தனி மதிப்பு உண்டு.

குறைகளும் உண்டு. பின் டயர் சீக்கிரம் தேயும். மவுண்டன் பைக்கின் முள் டயரோடு ஏறினால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுகிற அளவுக்குச் சத்தம் வரும். பழைய வழவழப்பான டயர் ஒன்றைப் பின்னால் போட்டுக்கொள்வது நல்லது. ஒவ்வொரு முறையும் காற்று அளவைச் சரிபார்க்க வேண்டும். உருளை டயரைத் தொட்ட பிறகு திருகைக் கூடுதலாக இரண்டு மூன்று சுற்று முறுக்கினால் போதும். அதற்கு மேல் அழுத்தினால் டயர் சூடேறும், குறைந்தால் வழுக்கும்.

சாணை பிடிப்பவரைப் போல் ரோட்ஸ்டரின் சொந்த ஸ்டாண்டிலேயே மிதித்தால் என்ன என்று கேட்கலாம். அந்த ஸ்டாண்டு நிறுத்தி வைப்பதற்காகச் செய்தது. சாணைக்காரர் ஆடாமல் உட்கார்ந்து நிதானமாக மிதிப்பவர். வேகம் கூட்டி உடம்பை ஆட்டினால் டைல்ஸில் ஸ்டாண்டு வழுக்கிச் சைக்கிள் முன்னால் இறங்கிவிடும். தடையும் கிடையாது. அந்த முயற்சி வேண்டாம்.

ரோலர்: பி.வி.சி. குழாயிலும் செய்யலாம்

பந்தயக்காரர்கள் ஓட்டத்துக்கு முன் உடம்பைச் சூடேற்ற மிதிக்கும் கருவி ரோலர். பின்சக்கரத்தின் கீழ் இரண்டு உருளை, முன்சக்கரத்தின் கீழ் ஒன்று. அச்சு எந்த வகை, கியர் உண்டா இல்லையா என்ற கேள்வியே எழாது. மேலே ஏற்றி வைத்து மிதிக்க வேண்டியதுதான். முன் உருளையை மட்டும் சைக்கிளின் நீளத்துக்கு ஏற்ப நகர்த்தி, முன் அச்சுக்குச் சற்று முன்னால் வருமாறு வைக்க வேண்டும். சமநிலை தவறினால் விழ நேரும் என்பதால் முதல் சில வாரம் கதவு நிலைக்கு நடுவில் வைத்துப் பழகுவது வழக்கம். விழுந்தால் தோள் நிலையில் சாயும்.

இதை டெல்டாவிலேயே செய்துகொள்ளவும் முடியும். போர் இறக்கும் நாலு அங்குல பி.வி.சி. குழாயின் வெளிவிட்டம் 110 மில்லிமீட்டர். கடையில் விற்கும் ரோலர் உருளைகளும் பல ஏறத்தாழ அதே அளவுதான். கனமான குழாயாகப் பார்த்து மூன்று துண்டு நறுக்கி, இரு முனைக்கும் லேத் பட்டறையில் மூடி கடைந்து, நடுவில் பேரிங் அடித்து, சதுரக் குழாய்ச் சட்டத்தில் பூட்டினால் வடிவம் வந்துவிடும். முன் உருளையையும் நடு உருளையையும் ஒரு ரப்பர் பெல்ட் இணைக்கும். எல்லாம் மூடியைக் கடைவதில் இருக்கிறது. மூடியின் மையம் ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் சைக்கிள் குதிக்கும். பட்டறைக்காரரிடம் உருளையைச் சுற்றிவிட்டு, விளிம்பு ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். சிறிய உருளையில் தடை கூடுதல், பெரியதில் குறைவு. டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்தாலும் தடை கூடும்.

முழங்கால் வலி இருப்பவருக்கும் வயதானவருக்கும் ரோலர் ஆகாது. தலைசுற்றல் உள்ளவர் அதன் பக்கமே போகக்கூடாது.

வீட்டில் நான்கு பேர் மிதிக்க வேண்டுமென்றால்

அப்போது தனியாக நிற்கும் ஸ்பின் பைக்கோ உடற்பயிற்சி சைக்கிளோதான் கணக்குக்கு ஒத்துவரும். சீட்டை ஏற்றி இறக்கினால் மாமியாரும் மருமகளும் பேரனும் ஒரே கருவியில் மிதிக்கலாம். ஆனால் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது திரையும் கலோரி எண்ணும். பார்க்க வேண்டியது வேறு நான்கு இடங்கள்.

முதலாவது ஃப்ளைவீல். கனம் கூடுதலாக இருந்தால் மிதி சீராகச் சுற்றும், குறைந்தால் காலுக்குக் கால் வெட்டி வெட்டிப் போகும். இரண்டாவது, தடை கொடுக்கும் முறை. மலிவான மாடலில் ஒரு பஞ்சுப் பட்டை சக்கரத்தை உரசும். அது தேயும், தூள் விழும், கருகிய வாடை வரும், மாற்றுப் பட்டை தேடி அலைய நேரும். காந்தத் தடையில் எதுவும் எதையும் தொடுவதில்லை. இரண்டாயிரம் மூவாயிரம் கூடுதல் என்றாலும் காந்தத்தையே வாங்கலாம். மூன்றாவது சீட். உயரம் மட்டுமன்றி முன்னும் பின்னும் நகர வேண்டும். நான்காவது எடை வரம்பு. மிதிப்பவரின் எடையை விட இருபது கிலோவாவது கூடுதலாகத் தாங்கும் மாடலாக இருக்கட்டும்.

ஸ்பின் பைக்கில் பலருக்கும் தெரியாத ஓர் ஆபத்து, பெரும்பாலான மாடல்களில் பெடல் சக்கரத்தோடு பிணைந்தே சுற்றும். சாலைச் சைக்கிளைப் போல் மிதிப்பதை நிறுத்திக் காலை ஓய்வாக வைக்க முடியாது. வேகத்தில் காலை எடுத்தால் பெடல் திரும்பி வந்து கெண்டைக்காலில் அடிக்கும். நிறுத்த, தடைத் திருகை மேலிருந்து கீழே அழுத்த வேண்டும். கருவி வீட்டுக்கு வந்த அன்றே வீட்டிலுள்ள அனைவருக்கும் இதைச் செய்து காட்டுவது அவசியம். குழந்தைகள் விரல் வைக்கும் உயரத்தில்தான் சக்கரம் சுற்றுகிறது. பயன்படுத்தாத நேரத்தில் தடையை முழுதாக முறுக்கி வைக்க வேண்டும். சேலைத் தலைப்பு, துப்பட்டா, நைட்டியின் ஓரம் எல்லாம் பெல்ட்டுக்குள் சிக்கக்கூடியவை. சுடிதார் பேன்டும் இறுக்கமான மேலாடையும் பாதுகாப்பு.

மூட்டு தேய்ந்தவர்கள், உடல் பருமனானவர்கள், எழுபதைத் தாண்டியவர்கள் முதுகுச் சாய்வுள்ள சைக்கிளைப் பார்க்கலாம். வேகம் கிடைக்காது. தினமும் ஏறி உட்கார மனம் வரும், அவர்களுக்கு அதுதான் முக்கியம்.

பெட்டிச் செய்தி: சீட்டின் உயரம்
செருப்பில்லாத குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் கீழே வரும்போது முழங்கால் நேராக நீள வேண்டும். பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்து மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கியிருக்கும். இடுப்பு இருபக்கமும் ஆடினால் சீட் உயரம் அதிகம். முழங்காலின் முன்பக்கம் வலித்தால் பெரும்பாலும் சீட் தாழ்ந்திருக்கிறது. அளவு சரியானதும் சீட் கம்பியில் பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளலாம். வீட்டில் நால்வர் என்றால் நான்கு நிறம்.

லட்ச ரூபாய்க் கருவி யாருக்கு?

பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு செயினை நேரடியாக மாட்டும் டைரக்ட் டிரைவ் கருவிகள் உலகப் புகழ் பெற்றது கடந்த பத்தாண்டில். 2014-ல் தொடங்கிய ஸ்விஃப்ட் என்ற செயலி, வீட்டில் மிதிப்பவரைத் திரையில் ஒரு சாலையில் ஓட விட்டது. திரையில் ஏற்றம் வந்தால் கருவி தானாகவே தடையைக் கூட்டும். 2016-ல் ஆஸ்திரேலியாவின் சைக்கிள் பந்தய வீரர் மேத்யூ ஹேமன் கை முறிந்து வீட்டில் கிடந்தார். அந்த வாரங்களில் இப்படி மிதித்தே உடம்பைக் காத்து, அடுத்து வந்த பாரிஸ்–ரூபே பந்தயத்தை வென்றார். அப்போது அவருக்கு 37 வயது. ஊரடங்கு ஆண்டான 2020 டிசம்பரில் சர்வதேச சைக்கிள் சங்கம் முதல் இணையவழி உலகப் போட்டியை நடத்தியது. ஆண்கள் பிரிவில் வென்ற ஜேசன் ஆஸ்போர்ன், ஜெர்மனியின் துடுப்புப் படகு வீரர்.

இவை உண்மையான சாதனைகள். ஆனால் சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவும் இடுப்பைக் குறைக்கவும் நினைப்பவருக்கு வாட் கணக்கு இரண்டு சதவீதத் துல்லியத்தில் தேவையில்லை. கருவியோடு செலவு முடிவதும் இல்லை. சைக்கிளின் கியர் எண்ணிக்கைக்கு ஏற்ற பல்சக்கரம் தனியாக வாங்க வேண்டியிருக்கும். ஸ்விஃப்ட் செயலிக்கு 2024 முதல் மாதம் 19.99 டாலர் சந்தா. ஓராண்டுக்குக் கணக்கிட்டால் ஒரு காந்த டிரெய்னரின் விலையைத் தாண்டும். மைவூஷ் போன்ற இலவசச் செயலிகளும் இருக்கின்றன. நீண்டதூர பிரெவே ஓட்டங்களில் 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்துக்குள் முடிக்கப் பழகுபவர்கள், பந்தயக்காரர்கள், பயிற்சியாளரிடம் தினமும் கணக்கு அனுப்புகிறவர்கள் ஆகியோருக்கு இந்தச் செலவு நியாயம். மற்றவர்கள் அதே தொகையில் ஃபேன், மேட், நல்ல ஸ்பின் பைக் எல்லாம் வாங்கி, மீதியை வங்கியில் போடலாம்.

எவ்வளவு சிரமப்படுகிறோம் என்று அறிய மருத்துவர்களே சொல்லும் இலவச வழி ஒன்று உண்டு. மிதித்துக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம். இரண்டு மூன்று வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் கடும் உழைப்பு. இதற்கு மேல் வேண்டுமென்றால், நெஞ்சில் கட்டும் நாடிப் பட்டை சில ஆயிரத்தில் கிடைக்கிறது. பெடல் நிமிடத்துக்கு 70 முதல் 90 சுற்று என்ற அளவில் சுற்றினால் முழங்காலுக்கு நல்லது. கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து விநாடி வலது கால் சுற்றை எண்ணி நான்கால் பெருக்கிக்கொள்ளலாம்.

மாத்திரை போடுபவர்கள் கவனத்துக்கு

சுருங்கி விரியும் தசை, இன்சுலின் உதவி அதிகம் இல்லாமலே ரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மிதிப்பது நீரிழிவுக்காரர்களுக்கு இவ்வளவு பலன் தருகிறது. அதே காரணத்தால் இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமெபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் மிதிக்கும்போதோ, சில மணி நேரம் கழித்தோ சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கலாம். கை நடுக்கம், திடீர் வியர்வை, குழப்பம் வந்தால் உடனே நிறுத்திச் சர்க்கரை கரைத்த தண்ணீர் குடிக்க வேண்டும். வியர்வை எப்படியும் கொட்டும் அறையில் இந்த அறிகுறி கண்ணில் படாமல் போகும் என்பதால், முதல் சில வாரம் மிதிப்பதற்கு முன்னும் பின்னும் குளுக்கோமீட்டரில் பார்ப்பது நல்லது. காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு மிதிக்கக்கூடாது. பெடலின் பல் கிழித்தது தெரியாமல் புண்ணாகிவிடும். நெஞ்சு வலி, ரத்த அழுத்தம், விழித்திரைப் பாதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பிறகே கருவியைப் பார்க்க வேண்டும்.

தண்ணீர் பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். முக்கால் மணி நேரத்துக்கு மேல் மிதிப்பவர்களுக்கு உப்புப் போட்ட நீர்மோர் ஏற்றது. வியர்வை உப்பு இரும்பையும் தின்னும்; ஹேண்டில்பார்மீது ஒரு துண்டைப் போட்டு, முடிந்ததும் போல்ட்டுகளை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினால் கருவி நெடுநாள் உழைக்கும்.

ஈரத்துணி காயும் கருவிகள்

2020 ஊரடங்கில் வாங்கி, ஆறு மாதம் மிதித்து, இன்று கொடிக்கயிறாக நிற்கும் உடற்பயிற்சி சைக்கிள்கள் டெல்டா நகரங்களிலும் ஏராளம். குறைந்த பட்ஜெட்காரருக்கு இவை நல்ல வாய்ப்பு. பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். பார்க்கப் போகும்போது விற்பவர் மிதித்துக் காட்டுவதை நம்பாமல், தானே பதினைந்து நிமிடம் மிதிக்க வேண்டும். சூடேறிய பிறகுதான் பேரிங் முனகும். பெடல் தண்டைக் கையால் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கக்கூடாது. தடையை முழுதாக ஏற்றி எழுந்து நின்று மிதிக்கும்போது பெல்ட் வழுக்குகிறதா என்று கவனிக்க வேண்டும்.

பிறகு இடது பெடல். அதன் மரை எதிர்த்திசையில் ஏறும். புதிய கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்து வீட்டிலேயே மாட்டும்போது இடதையும் வலதையும் மாற்றி முறுக்கி, மரையை அழித்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. அழிந்த மரையோடு பெடல் ஆடிக்கொண்டே இருக்கும், ஒருநாள் காலோடு கழன்று வரும். பெடல் அச்சின் முனையில் இடது, வலது என்பதற்கான எழுத்து பொறித்திருக்கும். ஊர் சைக்கிள் கடைக்காரரிடம் நூறு இருநூறு கொடுத்து மாட்டச் சொன்னால் அந்தக் கவலை விட்டது. பழுது பார்ப்பதிலும் அவரே துணை. இணையத்தில் வாங்கிய கருவிக்கு நிறுவனத்தின் ஆள் பட்டுக்கோட்டைக்கோ மன்னார்குடிக்கோ வருவாரா என்று ஆர்டர் போடுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். பேரிங், பெல்ட், பெடல் மூன்றும் பொது அளவில் இருந்தால் கும்பகோணத்திலோ திருச்சியிலோ கிடைத்துவிடும்.

செப்டம்பர் பந்தயமும் ஒரு கோரிக்கையும்

அறிஞர் அண்ணா பிறந்தநாளையொட்டி ஆண்டுதோறும் செப்டம்பரில் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் மாவட்டந்தோறும் மாணவர்களுக்குச் சைக்கிள் பந்தயம் நடத்துகிறது. 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என மூன்று பிரிவு. 17 வயதுக்குட்பட்ட மாணவர்களுக்கு 20 கிலோமீட்டர், மாணவிகளுக்கு 15. இந்தியாவில் தயாரான, சாதாரண ஹேண்டில்பார் கொண்ட, கியர் இல்லாத சைக்கிளே அனுமதி. ஏழை வீட்டுப் பிள்ளையும் பணக்கார வீட்டுப் பிள்ளையும் ஒரே வகைச் சைக்கிளில் நிற்கும் நல்ல விதி அது.

அந்தச் சைக்கிளுக்கு டைரக்ட் டிரைவ் எந்த வகையிலும் உதவாது. நட்டு அச்சுள்ளதால் காந்த டிரெய்னரும் எளிதில் ஒத்துவராது. ஒத்துவரும் ஒரே கருவி ரோலர். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோர் பள்ளிக்குப் போகும் சைக்கிளிலேயே பந்தயத்துக்கும் வருகிறார்கள், பத்தாயிரம் ரூபாய் ரோலர் அவர்கள் வீட்டுக்கு எட்டாது. முந்தைய ஆண்டின் ஐப்பசி மழை தொடங்கியதிலிருந்து அறுவடை முடியும் வரை அவர்கள் மிதிக்கச் சாலையும் இருக்காது.

தஞ்சாவூர் அன்னை சத்யா விளையாட்டு அரங்கம், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் அரங்குகள் என ஒவ்வொன்றிலும் நான்கைந்து ரோலர்கள் வைத்தால், ஓர் அரங்குக்கான செலவு ஒரே ஒரு டைரக்ட் டிரைவ் கருவியின் விலைக்குள் முடிந்துவிடும். அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் லேத் பிரிவு மாணவர்கள் பயிற்சி வேலையாகவே உருளை மூடிகளைக் கடைந்து கொடுக்க முடியும். அப்போது செலவு இன்னும் குறையும். மழை பெய்யும் மாலைகளில் அரங்கத்தின் மூடிய கூடத்தில், சுவரோரம் ரோலர்களை வரிசையாகப் போட்டு, எதிரே இரண்டு பெடஸ்டல் ஃபேன் வைத்தால் போதும். மாவட்ட விளையாட்டு அலுவலர்கள் இந்த ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடிவெடுத்தால், அடுத்த செப்டம்பர் பந்தயத்துக்குப் பிள்ளைகளுக்குப் பத்து மாதப் பயிற்சி கிடைக்கும்.